எட்டுப் பக்கமும் முந்நூறு பக்கமும்

1, 3, 8, 24, 72.

இந்த ஐந்து எண்களும் சேர்ந்து ஒன்பது நாள் என் தூக்கத்தைக் கெடுத்தன. முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் வருடம். பி-அடிக் குலம் ஒன்றின் முடிவிலாப் பரிமாண உருவகிப்பை எடுத்து, ஒரு கச்சிதமான உட்குலத்துக்குக் குறுக்கினால் என்னென்ன துண்டுகளாக உடையும் என்று பார்க்க ஒரு நிரல் எழுதியிருந்தேன். ஒரு உள்ளீடு கொடுத்தேன், துண்டுகளின் பரிமாணங்கள் 1, 3, 8, 24, 72 என்று வந்தன. வேறு உள்ளீடு கொடுத்தேன். அதே எண்கள். மூன்றாவது, நான்காவது... அதேதான். நிரல் உள்ளீட்டை வாங்காமலே ஓடுது, எங்கேயோ பக் இருக்கு என்று முடிவுகட்டி ஒன்பது நாள் தேடினேன்.

பக் எதுவும் இல்லை. அது 1973இல் அச்சான ஒரு தேற்றம்.

அந்தத் தேற்றம் இருப்பது 'மதமாட்டிஷே அனாலென்' இதழில் பில் கேசல்மன் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றில். இதே குறுக்கல் வேலையை வைத்துக்கொண்டு 1993இல் கோலின் புஷ்னெலும் பிலிப் குட்ஸ்கோவும் பிரின்ஸ்டன் வெளியீடாக முந்நூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் போட்டார்கள். கச்சிதத் திறந்த உட்குலங்கள் 'வழியாக' என்று அதன் தலைப்பே சொல்கிறது. இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் எல்லோரும் புத்தகத்தைப் படிக்கிறார்கள், அல்லது படித்த மாதிரி காட்டிக்கொள்கிறார்கள். எட்டுப் பக்கக் கட்டுரையைப் பலரும் மேற்கோள் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தபோது தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதை எதற்குள் குறுக்குகிறோம்

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க 3 என்றே வைத்துக்கொள்கிறேன். 3-அடிக் உலகத்தில் இரண்டு எண்களின் வித்தியாசம் 3ஆல் எத்தனை தடவை வகுபடுகிறதோ அவ்வளவு நெருக்கம். 1க்கும் 82க்கும் வித்தியாசம் 81, அதாவது 3ஐ நான்கு தடவை பெருக்கியது. அதனால் அவை பக்கத்து வீட்டுக்காரர்கள். 1க்கும் 2க்கும் நடுவில் அந்த நெருக்கம் கிடையாது.

இந்த எண்களை உறுப்புகளாகக் கொண்ட, நேர்மாறு உள்ள 2×2 அணிகள் எல்லாம் சேர்ந்தது நம் பெரிய குலம். அதை 'ஜி' என்போம். அதற்குள், உறுப்புகளும் நேர்மாறின் உறுப்புகளும் 3-அடிக் முழு எண்களாகவே இருக்கிற அணிகள் ஒரு உட்குலம், அது 'கே'. மெய்யெண் உலகத்தில் பழகியவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ச்சி உண்டு. அங்கே சுழற்சிகளின் குலம் கச்சிதமானதுதான், ஆனால் பெரிய குலத்துக்குள் அது ஒரு மெல்லிய கோடு மாதிரி. அலகு அணியைச் சுற்றி எந்தப் பக்கம் லேசாக நகர்ந்தாலும் வெளியே வந்துவிடுவோம். இங்கே கே கச்சிதமாகவும் இருக்கிறது, திறந்ததாகவும் இருக்கிறது. அலகு அணியின் அக்கம்பக்கம் முழுக்க அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குள்ளே இன்னும் சின்னச் சின்னதாக, 3ஆல் வகுத்த மீதியில் அலகு அணியாக இருப்பவை, 9ஆல், 27ஆல் என்று படிப்படியாக இறங்கும் உட்குலங்கள் இருக்கின்றன. இவற்றைப் படி 1, படி 2, படி 3 என்கிறேன். கே-தான் படி 0. கே-யைப் படி 1ஆல் வகுத்தால் 48 உறுப்புள்ள குலம் கிடைக்கும், படி 2ஆல் வகுத்தால் 3888. எல்லாம் முடிவுள்ளவை.

உருவகிப்பு என்பது குலத்தின் ஒவ்வொரு உறுப்பையும் ஒரு வெக்டர் வெளியின் மேல் வேலை செய்யவைப்பது. ('பிரதிநிதித்துவம்' என்று எழுதினால் எனக்குச் சட்டசபைதான் ஞாபகம் வருகிறது, அதனால் இந்தச் சொல்.) அதற்குமேல் உடைக்க முடியாதது பகா உருவகிப்பு. ஜி-யின் சுவாரஸ்யமான பகா உருவகிப்புகள் எல்லாம் முடிவிலாப் பரிமாணம் கொண்டவை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் அசையாமல் நிற்கிற வெக்டர்களின் வெளி முடிவுள்ள பரிமாணம்தான். ஆகவே உருவகிப்பைக் கே-க்குக் குறுக்கினால், அந்த முடிவிலாப் பூதம் முடிவுள்ள குலங்களின் சின்னத் துண்டுகளாக வரிசையாக உடைந்து விழும். கணினியில் ஏற்றலாம், எண்ணலாம், பட்டியல் போடலாம். என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அதுதான்.

கேசல்மன் சொன்னது

ஸ்கேலார் அணிகள் எதையும் மாற்றாத உருவகிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அப்போது கேசல்மனின் தேற்றம், என் வார்த்தையில், இது: ஒவ்வொரு முடிவிலாப் பரிமாணப் பகா உருவகிப்புக்கும் கண்டக்டர் என்று ஒரு எண் உண்டு (பஸ் கண்டக்டர் அல்ல, இறங்குமிடத்தைச் சொல்வதென்னவோ இதுவும்தான்). அந்தப் படி வந்தபிறகு, எல்லா உருவகிப்புகளும் ஒரே மாதிரிதான் உடையும். துண்டுகள் முன்கூட்டியே நிர்ணயமானவை. வித்தியாசமெல்லாம் அதற்கு முந்தைய தலைப்பகுதியில் மட்டும்.

3க்கு நான் போட்ட பட்டியலில் நான்கு வகைகளைச் சொல்கிறேன்.

கண்டக்டர் 0, கிளைவிடாத முதன்மைத் தொடர்: 1, 3, 8, 24, 72...

கண்டக்டர் 1, ஸ்டைன்பெர்க் உருவகிப்பு: 3, 8, 24, 72...

கண்டக்டர் 2, ஆழம் பூஜ்யமான சூப்பர்கஸ்பிடல்: 2, 8, 24, 72...

கண்டக்டர் 3, 'சிம்பிள் சூப்பர்கஸ்பிடல்': 8, 24, 72...

மூன்றாவதில் உள்ள அந்த 2 அழகான விஷயம். 3ஆல் வகுத்த மீதிகளில் 2×2 அணிகளை எடுத்து ஸ்கேலார்களைக் கழித்தால், நான்கு பொருள்களை வரிசைமாற்றும் 24 உறுப்புக் குலம் கிடைக்கிறது. அதற்கு இரு பரிமாணப் பகா உருவகிப்பு ஒன்றே ஒன்றுதான். அதுதான் இங்கே தலையாக உட்கார்ந்திருக்கிறது. நான்காவதில் உள்ள 8, மற்ற மூன்றிலும் வருகிற 8 அல்ல. பரிமாணம் ஒன்று, ஆள் வேறு. வெறும் எண்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் ஏமாந்தேன்.

ஒன்பது நாள் பக்

என் நிரலுக்கு நான் கொடுத்தவை எல்லாம் முதல் வகை. நீள்வட்ட வளைவுகளிலிருந்து வருபவை. ஒரு வளைவு 3இல் ஒழுங்காக நடந்துகொண்டால், அதன் உள்ளூர்ப் பங்கு கிளைவிடாத முதன்மைத் தொடர் ஒன்று. அதை அடையாளம் காட்டுவது ஒரே ஒரு எண். வளைவுக்கு 3ஆல் வகுத்த மீதிகளில் எத்தனை புள்ளிகள் என்பதை 4இலிருந்து கழித்தால் வருகிற எண் அது. அது -3இலிருந்து 3 வரை எதுவாகவும் இருக்கலாம், ஏழு வாய்ப்புகள்.

ஏழுக்கும் கே-க்குக் குறுக்கிய பட்டியல் ஒன்றுதான். ஒரு புள்ளி உள்ள வளைவுக்கும் ஏழு புள்ளிகள் உள்ள வளைவுக்கும் 1, 3, 8, 24, 72தான்.

காரணம் ஒரே வரி. ஜி-யின் எந்த அணியையும் மேல்முக்கோண அணி ஒன்றையும் கே-யின் அணி ஒன்றையும் பெருக்கி எழுதலாம். அந்த ஒற்றை எண் முழுக்க மேல்முக்கோணப் பக்கத்தில் குடியிருக்கிறது, கே-யோடு ஒட்டும் பகுதியில் அதன் மதிப்பு வெறும் 1. குறுக்கிய அந்தக் கணமே அது மறைந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் முதல் வாரமே வருகிற விஷயம். நிரலின் முதல் வரியிலேயே உள்ளீடு செத்துப்போயிருந்தது. நான் ஐந்நூறாவது வரியில் தேடிக்கொண்டிருந்தேன்.

இதில் சிரிப்பதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது. என் ஆய்வேட்டு வரைவில், கே-க்குக் குறுக்கினால் உருவகிப்பைப் பற்றி எல்லாமே தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். நாற்பது பக்கம். அது போச்சு. மறைந்துபோன எண்ணைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் கே-யை விட்டு வெளியே வந்து, கே அசைக்காத அந்த ஒற்றை வெக்டரின் மேல் ஹெக்கே செயலி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதாவது கச்சிதமான உட்குலத்துக்கு எல்லாம் தெரியும் என்பது பொய். 'வழியாக' என்ற சொல்லை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். அது வழி மட்டும்தான். வீடு வேறு இடத்தில் இருக்கிறது.

முந்நூறு பக்கம்

புஷ்னெலும் குட்ஸ்கோவும் இந்தத் தவறைச் செய்யவில்லை. அவர்கள் கேட்கும் கேள்வியே வேறு. மொத்தம் எப்படி உடைகிறது என்று அவர்கள் கேட்பதில்லை. உடைந்த துண்டுகளில் இந்த உருவகிப்பை மட்டும் காட்டிக்கொடுக்கும் துண்டு எது என்று கேட்கிறார்கள். அப்படிக் காட்டிக்கொடுக்கும் துண்டுக்குப் பெயர் 'டைப்'. மேலே சொன்ன 2 ஒரு டைப். அது எந்தப் பகா உருவகிப்பில் தென்பட்டாலும், அந்த உருவகிப்பு நம் மூன்றாம் வகை ஆள்தான், அல்லது அவரிடமிருந்து கிளைவிடாத முறுக்கல் ஒன்றால் மட்டும் வேறுபடுகிற ஆள். குற்றம் நடந்த இடத்தில் நூறு காலடித் தடம் இருக்கலாம், கைரேகை ஒன்று போதும்.

இதை எந்த அளவு அணிக்கும், எந்தப் பகா எண்ணுக்கும் செய்துகாட்டியது புத்தகத்தின் சாதனை. ஒவ்வொரு சூப்பர்கஸ்பிடலும், கச்சிதமான உட்குலம் ஒன்றோடு மையத்தையும் சேர்த்து, அங்கிருக்கும் முடிவுள்ள பரிமாண உருவகிப்பிலிருந்து தூண்டிக் கட்டப்பட்டது என்று நிறுவினார்கள். அதுவும் வெறும் இருப்பை நிறுவும் தேற்றம் இல்லை. கையில் எடுத்துப் பார்க்கலாம், கட்டலாம்.

படிப்பது சுகமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராட்டா, சிம்பிள் கேரக்டர், பீட்டா-எக்ஸ்டென்ஷன் என்று ஒவ்வொன்றும் முந்தையதன் தோளில் ஏறி நிற்கிறது. நடுவில் எங்கேயாவது விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். முதல் தடவை மூன்று மாதம் முட்டிமோதி நிறுத்தினேன். அணி அளவு இரண்டுக்கு எல்லாவற்றையும் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் இரண்டாம் தடவை உள்ளே போக முடிந்தது. அந்தக் கனம் வீம்புக்காக வந்தது இல்லை. 3க்கு 3×3 அணி மாதிரி, பகா எண் அணி அளவை வகுக்கும் இடங்களில் எளிய வழிகள் எல்லாம் அடைபட்டுப்போகின்றன. எல்லா நிலைமைக்கும் சேர்த்துச் செய்ய வேண்டுமென்றால் இந்த விலை உண்டு.

கைரேகை அணுகுமுறை வெளியிலும் பலன் தந்தது. 2002இல் ப்ரூய், மெஸார் இருவரும் காலுவா உருவகிப்புகளின் உருமாற்ற வளையங்களைப் பற்றி ஒரு அனுமானம் வைத்தபோது, அவர்கள் கட்டுரையின் பின்னிணைப்பில் கீ ஹென்னியார் ஒன்றை நிறுவினார்: 2×2இல் ஒவ்வொரு சூப்பர்கஸ்பிடலுக்கும் கே-யில் அப்படிப்பட்ட கைரேகை ஒன்றே ஒன்றுதான். 2005இல் பாஷ்கூனாஸ் இதை எல்லா அணி அளவுக்கும் விரித்தார். எண்கோட்பாட்டின் மிக ஆழமான இடத்தில் கே-யின் ஒரு சின்னத் துண்டு அச்சாணியாக நிற்கிறது.

வால்

இனி என் மனத்தாங்கல்.

டைப் கோட்பாடு இவ்வளவு வெற்றிபெற்றதால், மிச்சமெல்லாம் குப்பை என்ற ஒரு மனநிலை வந்துவிட்டது. புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. அதைப் படித்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களிடம்தான் அது ஒட்டிக்கொண்டது. 8, 24, 72 என்று நீளும் வால் எல்லோருக்கும் பொது, எனவே அது யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாது, தலையை எடுத்துக்கொண்டு வாலை நறுக்கிவிடு. தப்பான அத்தியாயத்தைத் தூக்கியெறிந்த கோபத்தில் நான் அந்த எல்லைக்கே போனேன். ஆய்வேட்டில் பட்டியலின் வால் பகுதியை முழுக்க அடித்துவிட்டு 'இத்யாதி' போட்டேன்.

அது இரண்டாவது தப்பு. அதைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் இல்லை, ஆறு வருடம் ஆனது.

ஒரு வகுப்புக்காகக் கேசல்மன் கட்டுரையை மறுபடி எடுத்தபோது, துண்டுகளைத் தனித்தனியாக எழுதாமல் கூட்டிக்கொண்டே போனேன். படி 0, 1, 2, 3, 4 ஒவ்வொன்றிலும் அசையாத வெக்டர்கள் மொத்தம் எத்தனை பரிமாணம் என்ற கணக்கு:

முதன்மைத் தொடர்: 1, 4, 12, 36, 108.

ஸ்டைன்பெர்க்: 0, 3, 11, 35, 107.

ஆழம் பூஜ்யம்: 0, 2, 10, 34, 106.

சிம்பிள் சூப்பர்கஸ்பிடல்: 0, 0, 8, 32, 104.

கடைசி எண்களைப் பாருங்கள். 108இலிருந்து ஒன்று, இரண்டு, நான்கு குறைகின்றன. முந்தைய படியில் 36இலிருந்தும் அதே 1, 2, 4. அடுத்த படிக்குப் போனாலும் அதே. வால் எவ்வளவு நீண்டாலும் இந்தக் குறை மாறாமல் கூடவே வருகிறது.

இந்த 1, 2, 4 என்ன? ஜாக்கே, லாங்லண்ட்ஸ் இருவரும் 1970இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஜி-யின் ஒரு பகுதி உருவகிப்புகளுக்கு, குவாட்டர்னியன் வகுத்தல் இயற்கணிதத்தின் பெருக்கல் குலத்தில் ஆளுக்கொரு ஜோடி உண்டு. அந்தக் குலம், மையத்தைக் கழித்தால் கச்சிதமானது, எனவே ஜோடிகள் எல்லாம் முடிவுள்ள பரிமாணம். ஸ்டைன்பெர்க்கின் ஜோடிக்குப் பரிமாணம் 1. ஆழம் பூஜ்யத்தின் ஜோடிக்கு 2. சிம்பிள் சூப்பர்கஸ்பிடலின் ஜோடிக்கு 4. முதன்மைத் தொடருக்கு ஜோடியே கிடையாது, குறையும் பூஜ்யம்.

கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வேறொரு குலத்தில் குடியிருக்கும் வேறொரு உருவகிப்பின் அளவு, நான் 'இத்யாதி' போட்டு நறுக்கிய இடத்தில் பற்றாக்குறையாகப் பதிவாகியிருந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ரோஜர் ஹவ்வும் ஹரிஷ்-சந்திராவும் காட்டியபடி, அலகு அணிக்கு மிக அருகில் எந்தப் பகா உருவகிப்பின் கேரக்டரும் ஒரு சில பொதுவான சார்புகளின் கூட்டாக எழுதப்படும். 2×2இல் அந்தச் சார்புகள் இரண்டே இரண்டு. ஒன்று வேகமாக வளர்வது, அதன் கெழு எல்லோருக்கும் 1, எல்லோருக்கும் பொதுவான வால் அதுதான். மற்றது வெறும் மாறிலி, அதன் கெழுதான் -1, -2, -4. நிபுணர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்தான். தெரிந்தும் என் சொந்தப் பட்டியலில் அதை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று பழகியிருந்தேன்.

எதிர்த்தரப்பு

அப்படியானால் எல்லோரும் டைப்பை விட்டுவிட்டு முழுப் பட்டியல் போட வேண்டியதுதானே என்று கேட்டால், முடியாது. இங்கே புத்தகத்தின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. 2×2இல் துண்டுகள் சாதுவானவை. அணி அளவும் படியும் பெரிதாகப் பெரிதாக, மீதி எண்களின் அணிக்குலங்களுடைய எல்லா உருவகிப்புகளையும் வகைப்படுத்துவது, ஒரு ஜோடி அணிகளை ஒரே சமயத்தில் உருமாற்றி வகைப்படுத்துவது போன்ற, கட்டுக்கடங்காத பிரச்சினையாகிவிடுகிறது. 3×3இல் கிளைவிடாத முதன்மைத் தொடரை மட்டும் முழுக்க உடைத்துப் பார்ப்பதே தனி ஆராய்ச்சியானது. காம்பெல், மோனிகா நெவின்ஸ் இருவரும் தொடங்கினார்கள், பிறகு ஊரி ஓன், பூஜா சிங்க்லா இருவரும் 2014இல் வெளியிட்ட கட்டுரை வந்தது. அங்கேயே இவ்வளவு பாடு. கைரேகை தேடுவது சோம்பேறித்தனம் இல்லை, அதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் துண்டுகளைப் பெயர் சொல்லி அடுக்குவது ஒன்று, கூட்டுத்தொகை போடுவது இன்னொன்று. முதலாவது முடியாத இடத்திலும் இரண்டாவது பல நேரம் முடியும். நெவின்ஸ் சமீப ஆண்டுகளில், தீர்மானம் 1 உள்ள 2×2 அணிக்குலத்துக்கு, கேரக்டர் விரிவையே குறுக்கல் விதியாகப் படித்துக்காட்டியிருக்கிறார். எட்டுப் பக்கக் கட்டுரை போட்டுவைத்த பாதை மூடவில்லை, புல் முளைத்துக் கிடந்தது, அவ்வளவுதான்.

என் தீர்ப்பு இது. கைரேகை எடுத்து ஆளைக் கண்டுபிடிக்கப் புத்தகம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஆளின் எடையைப் பார்க்க வால் வேண்டும், அது கேசல்மனிடம் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்ந்தேகூட வளைவின் மேல் எத்தனை புள்ளிகள் என்ற அந்த ஒற்றை எண் தெரியாது, அதற்கு வெளியே போயாக வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தத் துண்டு பதில் சொல்லும் என்று தெரிந்துகொண்டு குறுக்க வேண்டும். இதை மாணவர்களுக்கு யாராவது முதல் நாளே சொல்லிவிட்டால் ஒரு நாற்பது பக்கமாவது மிச்சமாகும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பகா எண் 5க்கு நான்கு வகைகளுக்கும் பட்டியலை நீங்களே போடுங்கள். முதன்மைத் தொடர் 1, 5, 24, 120 என்று தொடங்கும். கூட்டிக்கொண்டே போய்க் குறைகளை எழுதுங்கள்: 0, 1, 2, 6 வர வேண்டும். வரவில்லையென்றால் உங்கள் நிரலில் உண்மையிலேயே பக் இருக்கிறது.